ஸ்டாண்டில் ஏறிய பெயர்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: எழுநூறு ஆண்டுப் பெருமை வாய்ந்த யுமிகாக்குஷி என்னும் குலப்பெயர், ஹமாதா கடைவீதியில் உள்ள இனுஸுகாவின் முத்திரைக் கடையில், பிளாஸ்டிக் சுழல் ஸ்டாண்டில், இன்று இடம்பெற்றுவிட்டது.

அதைக் கண்டுபிடித்த தொகுஜிரோ யுமிகாக்குஷி தொப்பியைக் கழற்றினார். ஸ்டாண்டுக்கு முன்னால் இடுப்பு வலிக்கக் குனிந்து வணங்கினார்.

வங்கிக்கோ நகராட்சிக்கோ கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்த வேண்டுமென்றால், ஊரில் மற்றவர்கள் தங்கள் பெயரை அந்த ஸ்டாண்டிலிருந்து உருவிக்கொண்டு போவார்கள். சாத்தோ என்ற பெயர் மட்டுமே ஒரு வரிசை முழுக்க இருக்கும். இவர் வீட்டுக்குத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லிச் செதுக்க வேண்டும்.

“ஐயா, மாவட்டத்துலயே உங்க வீடு ஒண்ணுதான். செஞ்சு வச்சா யாரு வாங்குவா?” என்பார் இனுஸுகா.

“சக்கரவர்த்தி முத்திரையுந்தான் கடையில கிடைக்காது,” என்று இவர் மீசையைத் தடவுவார். ஆனாலும் வருகிறபோதெல்லாம் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் போனதில்லை.

யுமிகாக்குஷி என்றால் வில்லை ஒளித்தவர். போரில் தோற்று ஓடிவந்த ஒரு பிரபுவின் வில்லை, இவருடைய மூதாதை வைக்கோல் படப்புக்குள் ஒளித்து வைத்தாராம். மெச்சிய பிரபு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு மேற்கொண்டு ஓடினார். திரும்பி வந்து வில்லைக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இப்போது அந்தப் பெயரில் மூச்சு விடுகிறவர்கள் இரண்டே பேர்: இவரும், ஒஸாகாவில் இருக்கும் மகன் ஷுஹேயும். மீதிப் பேர் கோயில் கல்லறையில். நாற்பதைத் தாண்டிய மகனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்திருந்தாள். அவளும் ஒரு சாத்தோதான். போகட்டும், பதிவுத் திருமணம் முடிந்தால் சட்டப்படி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். யுமிகாக்குஷியாகிக் கரையேறிவிடுவாள் என்று தொகுஜிரோ மன்னித்திருந்தார்.

போன வாரம் மகன் வந்திருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவர் வில்லின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தொகுஜிரோ முத்திரையைக் கையில் எடுத்தார். எழுத்தின் இடுக்கில் சிவப்பு மை காய்ந்திருந்தது.

“குத்திப் பாத்தீரா? மை ஒட்டிக் கெடக்கு.”

“கெடக்கும்,” என்றார் இனுஸுகா, துடைத்த மேஜையையே துடைத்தபடி.

“இத்தனை வருஷம் மாட்டேன்னீரு. இப்ப மட்டும் இங்க வைக்க எப்படிய்யா மனசு வந்துச்சு?”

“வீணாக்க மனசு வரல.”

“வீணா? இனிமே வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும் பாரும்! மருமக, பேரன், பேத்தி...”

“ஐயா, கொஞ்சம் டீ குடிக்கிறீங்களா?”

“டீ கெடக்கட்டும். கல்யாணச் சேதிய யாரு சொன்னா?”

“உங்க மகன் வந்திருந்தாரு. அந்தப் பொண்ணும் கூட வந்துச்சு.”

“முத்திரை வாங்கவா?”

“ஆமா.”

தொகுஜிரோவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பதிவுக்கு முன்னாடியேவா! பாத்தீரா, சாத்தோவாப் பொறந்தாலும் பொண்ணு விவரந்தான். எத்தனை வாங்குனாங்க?”

“ஒண்ணுதான். உங்க மகனுக்கு.”

“அவனுக்கு எதுக்கு? இருபது வயசுல நான் செஞ்சு குடுத்தது இருக்கே!”

இனுஸுகா துணியைக் கீழே வைத்தார். தொகுஜிரோவின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“அதைத்தான் இங்க வச்சிட்டு, சாத்தோ ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போனாரு.”