வளையல் சத்தம்

கையை நீட்டினால் போதும், கிரைண்டர் நின்றுவிடும்.

மரக்கரண்டியால் மாவைத் தள்ளினால் அது பாட்டுக்கு ஓடும். இசக்கிசெல்வி கண்ணாடி வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக் கையைக் கொண்டுபோனால் மட்டும், யாரோ பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி கரண்ட் போய்விடும். அக்கம்பக்கத்தில் ஃபேன் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடும்.

தாராவிக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே கூத்து. மாவு வியாபாரத்தை நம்பித்தான் இந்த அறையையே பிடித்தார்கள். மாவு வாங்கும் வடாலா மெஸ்காரர், "இன்னும் ஒரு நாள் லேட்டானா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

"அந்த அடுப்படியிலதான முன்ன குடியிருந்த பொன்செல்வி செத்தா," என்றாள் குழாயடியில் மீனாட்சியம்மாள். "மாமியாக்காரிதான் என்னமோ பண்ணிட்டா. புருசன் கல்யாண் பக்கமே வீடு பாத்துப் போயிட்டான். அவ ஆவி மட்டும் போவ மாட்டேங்கு."

அந்த மாமியார் சந்திரலேகா, அடுத்த அறையிலேயே தனியாக இருந்தாள். தெருவில் யாரும் அவளோடு பேசுவதில்லை. இவர்கள் சாமான் இறக்கிய அன்றைக்கு வாசலில் வந்து நின்று கிரைண்டரையே வெறித்துப் பார்த்தாள்.

"இங்க கிரைண்டர் போடாண்டாம்மா. போட்டாலும் வளையலக் கழத்திராத."

வாழ வந்தவளிடம் சொல்கிற பேச்சா அது? இசக்கிசெல்வி உடனே வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். அதற்குப் பிறகும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இவள் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்ந்தது.

"பேயும் இல்ல, நாயும் இல்ல. பிளக் லூசு," என்றான் புருஷன் மகேஷ்குமார், வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. "காசிம் பாய வரச் சொல்லிருக்கேன். புது பவர் சாக்கெட் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

பாய் வருவதற்குள் ஓர் ஈடு ஆட்டிவிடலாம் என்று உட்கார்ந்தாள். பயந்து பயந்து அவளுக்கே ரோஷம் வந்துவிட்டது. கழற்றினால் என்னதான் ஆகிவிடும்? வளையல்களைக் கழற்றித் துணியில் பொதிந்து வைத்தாள். ஈரக் கையை மெல்ல நீட்டினாள்.

கரண்ட் போகவில்லை.

சுவருக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் அப்படியே இருந்தது. 'வா, வா' என்று கூப்பிடுகிற மாதிரி கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா! ஹாத் மத் லகா! கை வைக்காத!"

வாசலில் காசிம் பாய். அவர் கண் அந்தப் பழைய சாக்கெட்டில் இருந்தது. இசக்கிசெல்வி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பாய் உள்ளே வந்து டெஸ்டரைக் கிரைண்டர் மேல் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"பாடி பூரா கரண்ட்டும்மா. இந்த சாக்கெட்டுக்கு எர்த் வயரே குடுக்கல. தொட்டிருந்தா கத முடிஞ்சிருக்கும். மெயின் சுவிட்ச் எங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. வயரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அது சுவரைத் துளைத்துக்கொண்டு சந்திரலேகா வீட்டுக்குள் போயிற்று.

உள்ளே அரை இருட்டு. சந்திரலேகா சுவரில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சுவிட்சின் மேல் இருந்தது.

"நீங்கதானா? எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டது நீங்கதானா?"

சந்திரலேகாவின் பார்வை இசக்கிசெல்வியின் வெறுங்கையில் விழுந்தது. பதறி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"வளையல் குலுங்குனாத்தானம்மா நான் உடனே அணைக்க முடியும்? கழத்தாதன்னு சொன்னேம்லா..." அந்தக் கையை அவள் விடவே இல்லை. "பொன்செல்வி வளையலக் கழத்தி வச்சுட்டுத்தான் மாவு தள்ளுனா. கரண்ட் அடிச்சப்ப எனக்கு ஒண்ணுமே கேக்கல."