சுற்றுவழி

"இதைவிட லேட்டாப் போய்ச் சேர்ற ஃப்ளைட் இல்லையாம்மா?"

டிக்கெட் போடும் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எட்டு வருடமாக இதே நாற்காலி. இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"சார், ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ஆயிரத்து நூத்தி நாப்பது கிலோமீட்டர். டைரக்ட் ஃப்ளைட்ல ஒண்ணே முக்கால் மணி நேரம். பன்னெண்டு மணி ஃப்ளைட்ல பதினோரு சீட் காலியா இருக்கு."

"அது வேண்டாம். வேற பாருங்க."

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பல்கூட விளக்கியிருக்க மாட்டார் போலிருந்தது. அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவருடைய கைபேசி அலறியது. எதிர்முனைக் குரல் மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"எங்கடா இருக்க? டாக்டர் கையை விரிச்சு மூணு நாள் ஆச்சு. உன்னைப் பாக்கத்தான்டா அப்பா உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாக்கூட நீதானான்னு கண்ணைத் திறக்கறார்."

"சீட் கிடைக்கலக்கா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பதினோரு காலி இருக்கைகளும் திரையில் பச்சையாகத் தெரிந்தன. அவளுக்கு வாய் கசந்தது. அவள் அப்பா போனபோது அவள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்தது.

பெயரைத் தட்டியதும் பழைய பதிவு வந்தது. போன வருடம், இதே ஊருக்கு. காலை ஒன்பதுக்குப் பதிவு, பத்தரைக்கு டைரக்ட் ஃப்ளைட், கடைசி சீட். அப்போது மட்டும் என்ன ஓட்டம்! ஏதாவது பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போயிருப்பார்.

"வடக்க போய், அங்கேருந்து கிழக்க இறங்கி, மறுபடி மாறிப் போறது ஒண்ணு இருக்கு." உறைக்கட்டும் என்றே சொன்னாள். "பத்தொம்பது மணி நேரம். காசும் ரெண்டு மடங்கு."

அவர் முகம் தெளிந்தது. "அதையே போட்டுடுங்க."

கஞ்சனும் இல்லை. அப்படியானால் இது வேறு ரகம். பீ மூத்திரம் அள்ள அக்கா. எல்லாம் முடிந்தபின் வந்து நின்று அழ இவர்.

டிக்கெட்டை அச்சடித்து, செத்த கரப்பானைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் எடுத்து, மேசைமேல் தள்ளிவிட்டாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"தப்பா நினைச்சாலும் பரவாயில்ல சார். பெத்தவர் வழி பாத்துக்கிட்டுக் கிடக்கறார். நீங்க ஊரைச் சுத்திக்கிட்டுப் போறீங்க. உங்களுக்கே அருவருப்பா இல்ல?"

அவர் கோபப்படவில்லை. டிக்கெட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"போன வருஷம் அம்மாவும் இப்படித்தாம்மா காத்துக்கிட்டு இருந்தாங்க. விழுந்தடிச்சு ஓடினேன். என்னைப் பாத்தாங்க, சிரிச்சாங்க. பத்தே நிமிஷம், கண்ணை மூடிட்டாங்க."

கதவைத் தள்ளியவர் நின்று திரும்பினார்.

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் அப்பா இருப்பாரும்மா."