சம்பந்திகளுக்கு நடுவே மூன்று நாற்காலி

"யாராவது இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கிட்டா, போயிட்டு வந்துடலாம்" என்று விமான நிலையத்துத் தூணிடம் சொன்னார் பல் டாக்டர்.

தூண் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பிளம்பர்தான் பையின் பக்கமாக அரை அங்குலம் திரும்பி உட்கார்ந்தார். பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

டாக்டர் கழிப்பறையைத் தேடிப் போனார்.

ஆளில்லாத பையைத் தூக்கிப் போய்விடுவோம் என்று ஒலிபெருக்கி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மிரட்டியதால் வந்த உடன்பாடு இது. மற்றபடி இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பிளம்பரின் மகளை டாக்டரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. சம்பந்திகள் முறைத்துக்கொண்டும் அதே மூன்று வருடம்.

கல்யாணத்தன்று டாக்டர் கை கழுவப் போய்த் திருப்பிய குழாய், கழன்று கையோடு வந்துவிட்டது. பட்டுச் சட்டையிலிருந்து உள்பனியன் வரை தொப்பலாக நனைந்து நின்ற மனிதர், இது பிளம்பர் வீட்டுக் கல்யாணம்தானே என்று முந்நூறு பேர் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

பிளம்பருக்குச் சுரீரென்றது. மண்டபத்துக் குழாய்க்கு நானா பொறுப்பு, இனி இந்த ஆள் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

இப்போது பேத்தி பிறந்து நாற்பது நாள். பாட்டிமார் இருவரும் பிரசவத்துக்கே வெளிநாடு போய்விட்டார்கள். தாத்தாக்கள்தான் பாக்கி.

மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளியே வந்தால்தான் குழந்தை கைக்கு வரும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகலாம். சொன்னால் செய்துவிடுவாள். பிடிவாதத்தில் அப்படியே அப்பாவை உரித்து வைத்திருந்தாள்.

நடுவழியில் விமானம் மாறப் பதினோரு மணி நேரம். இப்படி ஒரு டிக்கெட்டைப் போட்டு, பக்கத்தில் இந்த ஆளையும் கட்டி அனுப்பிய மாப்பிள்ளையைப் பிளம்பர் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

ஐந்து மணி நேரத்தை எப்படியோ ஓட்டியாகிவிட்டது. நிலையத்தின் ஒன்பது கழிப்பறைகளையும் பார்வையிட்டு, நான்கில் ஒழுகல் இருப்பதாகத் தீர்ப்பளித்திருந்தார். வாசனைத் திரவியக் கடையில் சும்மா தெளித்துப் பார்க்கக் கொடுத்ததை எல்லாம் தெளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டாக்டர் தூணைப் பார்த்து நான்கு முறை தும்மினார்.

முதலில் பேசுகிறவன் தோற்றவன் என்பதில் மட்டும் சம்பந்திகளுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் நேரம் ஆக ஆகப் பிளம்பர் அடிக்கடி போனை எடுத்துப் பேத்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தக் குழந்தையை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது.

மாமா, அப்பாவுக்கு நேராக வரும் விமானத்தில்தான் டிக்கெட் போட்டிருந்தேன். போன வாரமே வந்து குழந்தையைத் தூக்கியிருப்பார். நீங்கள் வருகிற வழியிலேயே வருகிறேன் என்று அவர்தான் பிடிவாதமாக மாற்றிக்கொண்டார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பிளம்பர் இரண்டு முறை படித்தார். போன வாரமே பேத்தியைக் கொஞ்சியிருக்க வேண்டிய மனிதர், இங்கே வந்து தூணோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. மனிதர் அன்றைக்குக் கேட்டதில் தப்பே இல்லை என்று தெரிந்தும் மூன்று வருடம் முறுக்கிக்கொண்டு திரிந்தது இன்னும் வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

பிளம்பர் எழுந்தார். மூன்று நாற்காலியையும் கடந்து போய், பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டின மனைவியிடம் கூட இதுவரை மூச்சு விடாததைச் சொன்னார்.

"சம்பந்தி, கல்யாணத்துக்கு முதல் நாள் அந்தக் குழாயை மாட்டினதே நான்தாங்க."