கறுப்பு டேப்

போட்டிக்கு முந்தைய நாள் காலையில் நைரீ தன் ஒற்றை ஆள் கயாக் படகைக் கரையோரத் தண்ணீரில் இறக்கினாள். அவள் ஏறி உட்கார்ந்தால் நீர்மட்டம் எதுவரை வரும் என்று பார்த்து, போன வாரம்தான் படகின் பக்கவாட்டில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். இன்று அவள் இன்னும் ஏறவில்லை. தண்ணீர் டேப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"உள்ள தண்ணி பூந்திருக்கும்," என்றான் அண்ணன் வீரெமு.

கரைக்கு இழுத்துக் கவிழ்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. தூக்கினால் எப்போதும்போல் இலேசாகத்தான் இருந்தது. மறுபடி தண்ணீரில் விட்டதும் டேப் வரை அமிழ்ந்தது.

"நாளைக்குப் போவாத, நைரீ. நாள் பூரா நடுக்கடல்ல தனியா கெடக்கணும்."

"ஒரு வருஷமா தோள் கழண்டு போற மாதிரி துடுப்பு போட்டிருக்கேன். ஒரு டேப்புக்குப் பயந்து வீட்ல உக்காரவா? நீ ஒட்டுன லட்சணம் அப்படி!"

"ஆமா, எதுக்கெடுத்தாலும் நான்தான் கெடச்சேன்."

அவன் சிரித்தபடி படகின் முனையைப் பிடித்துக்கொண்டான். அவள் காலை உள்ளே வைத்தாள். படகு சட்டென்று மேலே எழும்பியது. அவள் உட்கார்ந்ததும் பழைய மட்டத்துக்கே இறங்கியது. பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுக்க, இன்னொருவர் உட்கார்ந்தது போல இருந்தது.

வீரெமு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"டேப் சரியா இருக்கா, அண்ணா?"

"சரியாத்தான் இருக்கு."

அவள் அசையாமல் இருந்தாள். பனிக்காற்றில் கை விறைத்திருந்தது. இருக்கை மட்டும் கதகதப்பாக இருந்தது.