ஐந்து வேகத்தடைகள்

மெக்கானிக் அக்கா அந்தப் பெரிய வண்டியின் பின்மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அழுத்து அழுத்துகிறாள். வண்டி தாழ்ந்து, ஒரே ஒரு முறை எழுந்து, அப்படியே அடங்கி நிற்கிறது. வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று சொந்தக்காரர் ஆசைப்பட்டு மாட்டியிருந்த முரட்டு ஸ்பிரிங்குகள் இப்போது கழற்றப்பட்டுச் சுவரோரம் கிடக்கின்றன. அவற்றின் எண்ணெய்ப் பிசுக்கில் காலை வெயில் மினுங்குகிறது. "நானே ஓட்டிப் பாத்துடறேனே," என்று அவர் சாவிக்குக் கை நீட்டுகிறார். "ஓட்டுறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். தூக்கிப் போடுறதெல்லாம் பின்னாடிதான். நீங்க என் பக்கத்துல உக்காருங்க." முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்த வண்டியை ஏறெடுத்தும் பார்க்காத அவர் மனைவி பின்சீட்டில் ஏறி, ஜன்னலுக்கு மேலிருக்கும் பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறாள். "கண்ண மூடிக்கிட்டு வேகத்தடைய மட்டும் எண்ணிட்டு வாங்கம்மா," என்கிறாள் மெக்கானிக் அக்கா. அவர் வழக்கமாகப் போகும் வேகத்திலேயே வண்டியை விடுகிறாள். தெருமரங்களின் நிழல் முன்கண்ணாடியில் வழுக்கி ஓடுகிறது. முதல் தடையில் அவர் பல்லைக் கடிக்கிறார். இரண்டாவதில் வாயைத் திறக்கப் போனவரை, "உஷ்," என்று அடக்குகிறாள். ஐந்தாவதையும் தாண்டி ஓரமாக நிறுத்துகிறாள்.

"எத்தனைம்மா?"

"மூணு. அந்த மூணாவதுகூட சந்தேகந்தான்."

அவர் அவசரமாகத் திரும்பி, மனைவியின் மூடிய கண்களுக்கு முன்னால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார். மெக்கானிக் அக்கா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் வேறொன்றைப் பார்க்கிறாள்: பிடியைப் பற்றியிருந்த கை எப்போதோ இறங்கி, மடியில் சும்மா கிடக்கிறது.