நாற்பது மாப்பிள்ளை வீடு

"எக்கா, லெட்டர் தனியா நிக்குது, அட்ரஸ் புக்கு தனியா நிக்குது. ரெண்டும் சேரவே மாட்டேங்குது."

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற இசக்கிதுரை இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். முத்துவடிவுக்குக் கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது. சேராத குடும்பங்களையெல்லாம் பேசிப் பேசிச் சேர்த்து வைப்பதுதான் அவள் தொழில். தென்காசியில் அவளுடைய கல்யாணத் தகவல் மையத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் இந்தக் கம்ப்யூட்டரிடம் மட்டும் அவள் வாய்ச்சவடால் எடுபடவில்லை.

"நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாத்தானலே இருந்துச்சு?"

"அதான்க்கா எனக்கும் புரியல."

வடகரை பால்வண்ணநாதன் மகள் நிவேதாவின் விவரம் இன்றைக்கே நாற்பது மாப்பிள்ளை வீடுகளுக்குப் போயாக வேண்டும். வாட்ஸ்அப் பேச்சே எடுக்கக் கூடாது, மகள் போட்டோ ஊரெல்லாம் சுற்றும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். மெயில்தான்.

மெயிலிலும் மொத்தமாகத் தட்டிவிட முடியாது. போன தை மாதம் அப்படி ஒரு தடவை செய்து பட்டது போதும். அத்தனை வீட்டு முகவரியும் மேலே வரிசையாக நின்றது. "எங்களையும் பந்தியில உக்கார வச்சிட்டியளோ?" என்று ஐந்து வீட்டார் கோபித்துக்கொண்டு விலகிப் போனார்கள். மாப்பிள்ளை வீடு என்றால் பேர் சொல்லி, மரியாதை கொடுத்து, அவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழியை இசக்கிதான் அமைத்துக் கொடுத்தான். வேர்டில் ஒரு கடிதம் அடித்தால் போதும். மெயிலில் இருக்கிற அட்ரஸ் புக்கிலிருந்து அதுவே ஒவ்வொரு பேராக எடுத்துப் போட்டு, வீட்டுக்கு ஒன்றாக அனுப்பிவிடும். இன்றைக்கு என்ன கேடோ, பேர் வர வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, யாருமில்லாமல், 'அவர்களுக்கு' என்று முடிந்தது.

போன் அடித்தது. பால்வண்ணநாதன்.

"என்னம்மா, லெட்டர் போயிட்டா?"

"போய்க்கிட்டே இருக்கு அண்ணாச்சி." முத்துவடிவு கூசாமல் சொன்னாள்.

"குத்தாலத்துக்குக் குளிக்க வருத கூட்டம் பொண்ணு பாக்குறதெல்லாம் வர்ற ஞாயித்துக்கிழமையோட சரி. அடுத்த வாரம் ஆடி பொறந்துருது. இன்னைக்கு லெட்டர் போகலன்னா நாளைக்குச் செங்கோட்டையில வேற ஆளுகிட்ட குடுத்துருவேன், பாத்துக்கிடுங்க."

அவர் சொல்வதிலும் தப்பில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற மாப்பிள்ளை வீட்டார் சாரலுக்கு வந்த கையோடு பெண்ணையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு வருஷத்தில் பாதிப் பிழைப்பு இந்த ஆனி மாதத்தில்தான்.

முத்துவடிவு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது.

"எனக்கு முடியலலே. தைக்குப் பொறவு ஒரு எடம்கூடக் கூடி வரல. இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா கதவை இழுத்துப் பூட்டிட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதான்."

இசக்கி திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வாடிப்போயிற்று. பாவம், நல்ல பிள்ளை, நம் கஷ்டம் அவனுக்கும் உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்படிலாம் ஆவாதுக்கா. பழைய அட்ரஸ் புக்கை ஓரமா வச்சிட்டு, புதுசா ஒண்ணு போட்டுப் பாக்கட்டா?"

"என்னமும் செய்யி. எனக்கு லெட்டர் போனாச் சரி."

அவன் எதையோ அடித்தான். பிறகு மவுஸில் விரலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாகச் சாரல் காற்று சிலுசிலுவென்று வந்தது. அவனுக்கு மட்டும் நெற்றியெல்லாம் வேர்வை.

"எக்கா, அந்தப் பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டாச்சா?"

"அதெல்லாம் அவுக அப்பா கேட்டிருப்பாரு. ஒனக்கு எதுக்குலே அந்த வெசாரிப்பு? தட்டித் தொலை!"

தட்டினான். கம்ப்யூட்டர் சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது.

"போயிட்டுக்கா."

"அப்பாடா! நாப்பதுமா?"

"இல்லக்கா. ஒண்ணுதான்."

முத்துவடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள். காலியாக இருந்த இடத்தில் இப்போது ஒரு பேர் இருந்தது. 'அன்புள்ள பேச்சித்தாய் அம்மாள் அவர்களுக்கு.'

"யாருலே இது? என் லிஸ்ட்லயே இப்படி ஒரு ஆள் கெடையாதே?"

"எங்கம்மாக்கா."

அவளுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாவிப்பயலே! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேலே! அண்ணாச்சிகிட்ட இனி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவேன்?"

"எத்தனை வீட்டுல பேசிச் சேத்து வச்சிருக்கிய. எங்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசுங்கக்கா."

"எங்களுக்காவா? மொதல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சா ஒன்னைச் செருப்பாலல்லா அடிப்பா!"

இசக்கி தலையைச் சொறிந்தான்.

"நேத்து சாயங்காலம் நிவேதா போட்டோ குடுக்க இங்கன வந்தாள்லா? நீங்க காப்பி போட உள்ள போன நேரத்துல அட்ரஸ் புக்கைக் கழட்டி விட்டதே அவதான்க்கா."