ஒட்டாத முன்பல்

வாயைக் கைக்குட்டையால் மூடியபடியே உள்ளே வந்தவர், "ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க யாரும் வந்திருக்காங்களா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்டார்.

இல்லை என்று மாரீஸ்வரி சொன்ன பிறகே நாற்காலியில் சாய்ந்தார். பெயர் ஞானரத்தினம், வயது ஐம்பத்தைந்து. முன்பல்லுக்குப் போட்டிருந்த செராமிக் உறையை மடித்த காகிதத்தில் கொண்டுவந்திருந்தார்.

"மூணு வாரத்துல ரெண்டு தடவ விழுந்துட்டு. நாளைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தக்காரங்க முன்னால ஓட்டப்பல்லோட எப்படி நிக்க?"

ராஜபாளையத்தில் மாரீஸ்வரி கிளினிக் திறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இன்னொரு டாக்டர் சொதப்பியதைச் சரிசெய்யும் வாய்ப்பு இன்றுதான் வாய்த்திருக்கிறது. உறையைத் திருப்பிப் பார்த்தாள். பழைய சிமெண்ட் முழுக்க உறைக்குள்ளேயே இருந்தது. பல்லில் பொட்டுக்கூட இல்லை.

"செராமிக்ல நல்லாத்தான் பிடிச்சிருக்கு சார். பல்லுலதான் பிடிக்கல. ஒட்டுறப்ப எச்சில் பட்டிருக்கு. உறிஞ்சி எடுக்கக்கூட ஆள் வச்சுக்காம ஒத்தையில செஞ்சிருக்காரு. யாரு அந்த மகராசன்?"

ஞானரத்தினம் மேலே சுழன்ற ஃபேனையே பார்த்தார்.

அவள் பழைய சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்து, உறையின் உள்பக்கத்தில் ஆசிட் வைத்துக் கழுவி, ஒட்டுமருந்து தடவினாள்.

"சிலேன் ஒரு நிமிஷம் காயட்டும்" என்று முனகினார் அவர்.

"மருந்துப் பேரெல்லாம் யூடியூப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று சிரித்தாள். பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, புது சிமெண்ட்டோடு உறையைப் பொருத்தினாள். சிமெண்ட்டை இறுகவைக்கும் நீல விளக்கை அவள் கையில் எடுக்கும் முன்பே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பல் அசையவில்லை. நாக்கால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, வந்ததிலிருந்து முதல்முறையாக வாய் நிறையச் சிரித்தார்.

"இப்ப அந்த டாக்டர் நம்பரக் குடுங்க சார். ஒரு வார்த்த சொல்லித்தான் ஆகணும். இல்லாட்டி இன்னும் எத்தன பேரு பல்லக் கெடுப்பாரோ?"

"மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தாம்மா ஒட்டுவாரு. இருபத்தெட்டு வருச சர்வீசு."

"பொறவு உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?"

ஞானரத்தினம் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி எழுந்தார்.

"கண்ணாடியப் பாத்து நானே ஒட்டுனா அம்புட்டுத்தாம்மா வருது."